வீட்டுப் பத்திரத்தை வைத்து அருங்காட்சியகவியல் படிக்கப் போகலாமா?

கேள்வி: எம்.ஏ. வரலாறு முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது, செப்புத் திருமேனிகளைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்வி எதற்கும் அங்கே இருந்த குறிப்பில் பதில் இல்லை. இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு அருங்காட்சியகவியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 35 லட்சம் ஆகும். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டும். “மியூசியத்துல என்னம்மா வேலை இருக்கு?” என்று அப்பா கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. போகலாமா, இங்கேயே படிக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம், இந்தக் கடனோடு போக வேண்டாம். துறைக்கே வராதீர்கள் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். தாராளமாக வாருங்கள், இங்கே ஆள் போதவில்லை. ஆனால் எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டத்தை முதலில் வாங்கிவிட்டு, பிறகு வேலை தேடித் தடுமாறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

மியூசியத்தில் என்ன வேலை? தமிழ்நாட்டில் அரசு வேலை என்றால் முதலில் எழும்பூர்தான். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. மாவட்ட அருங்காட்சியகங்களும் அதே துறையில்தான் வருகின்றன. அங்கே ‘அருங்காட்சியகவியல் படித்தவர்’ என்று பொதுவாக ஒரு ஆளைத் தேடுவதில்லை. தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல், வேதிமுறைப் பாதுகாப்பு என்று பிரிவுகள் இருக்கின்றன. காப்பாட்சியர் (க்யூரேட்டர்) பணியிடமும் அந்தப் பிரிவுகளை ஒட்டியே அமைகிறது. நாணயவியலுக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் முதுகலை எந்தப் பாடம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அருங்காட்சியகவியல் பட்டமோ பட்டயமோ அதோடு கூட இருக்க வேண்டியது. அதனால் உங்களுடைய எம்.ஏ. வரலாறு வீணாகிப்போன படிப்பு இல்லை, அதுதான் உங்கள் அஸ்திவாரம். தேர்வாணையம் முன்பு வெளியிட்ட காப்பாட்சியர் அறிவிக்கைகளைத் தேடி எடுத்து, கல்வித் தகுதி என்ற பத்தியை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் படியுங்கள். இந்தத் துறையில் நுழைய நினைக்கும் யாருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான். கல்லூரி விளம்பரங்களைவிட அந்தப் பத்தி உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இன்னொன்றையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த அறிவிக்கைகள் வருடா வருடம் வருவதில்லை. வந்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இடங்கள் இருக்கும். அரசு வேலையை மட்டும் நம்பி யாரும் இதைப் படிக்கக் கூடாது.

அரசுக்கு வெளியே? முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், நாடு முழுக்கக் கிளைகள் உள்ள பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், மும்பையில் சத்ரபதி சிவாஜி மகராஜ் வஸ்து சங்கிரகாலயா என்ற அருங்காட்சியகம், 2023-ல் பெங்களூரில் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகம் என்று இடங்கள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் தங்கள் வரலாற்றைக் காக்க ஆவணக் காப்பகம் வைத்திருக்கின்றன. டாடாவுக்குப் புனேயில் ஒன்று, கோத்ரெஜுக்கு மும்பையில் ஒன்று. இங்கெல்லாம் வேலை கிடைக்கும். பெரும்பாலும் ஒரு திட்டம், இரண்டு வருட ஒப்பந்தம் என்றுதான் ஆரம்பிக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 35 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 48,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. மேலே சொன்ன இடங்களில் புதிதாகச் சேருகிறவருக்கு அந்தத் தவணை அளவுக்குச் சம்பளம் வருவதே அரிது.

பிரிட்டனிலேயே வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். படிப்பு முடிந்ததும் வேலை தேட அங்கே தங்கலாம் என்பது உண்மைதான். இரண்டு வருடமாக இருந்த அந்தக் காலத்தை 2027 தொடக்கத்திலிருந்து ஒன்றரை வருடமாகக் குறைக்கிறார்கள். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால் முதலாளி உங்களுக்கு விசா எடுத்துத் தர வேண்டும். அதற்கான பொதுவான சம்பள வரம்பை 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். படித்து முடித்த இளைஞர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அப்படியிருந்தும், அங்கே அருங்காட்சியக உதவியாளராகச் சேருகிறவரின் தொடக்கச் சம்பளம் அந்தச் சலுகை வரம்பைக்கூட எட்டுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளே சம்பளம் இல்லாமல் தன்னார்வலராக வருடக்கணக்கில் வேலை பார்த்துத்தான் உள்ளே நுழைகிறார்கள். கணினித் துறைக்குப் பொருந்தும் கணக்கை இதற்குப் போடக் கூடாது.

சரி, பணத்தை விட்டுவிடுவோம். நீங்கள் எந்த வேலையை விரும்புகிறீர்கள்? உங்கள் கடிதத்தில் அது தெளிவாக இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அருங்காட்சியக வேலை என்பது ஒன்றாகத் தெரியும். உள்ளே அது இரண்டு தனித்தனி உலகம்.

ஒன்று, பொருளுக்கு வைத்தியம் பார்ப்பது. நீங்கள் பார்த்த செப்புத் திருமேனிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கடியில் பல நூறு வருடம் கிடந்த சிலையில் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்து நம் ஊர்க் காற்றில் வைத்தால் அந்த உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்க ஆரம்பிக்கும். இளம் பச்சைப் பொடியாகப் புள்ளி புள்ளியாய் வரும். சாதாரணப் பச்சைக் களிம்பு சிலைக்கு ஒரு போர்வை மாதிரி. ஆனால் இந்தப் பொடி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எது களிம்பு, எது நோய் என்று தெரியாமல் புளியையும் சாம்பலையும் போட்டுத் தேய்த்தால் நல்ல களிம்பும் போய்விடும், சிலையின் நுணுக்கமும் போய்விடும். இதற்கு வேதியியல் வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை முறையாகத் தொடங்கியது எழும்பூரில்தான். 1930-ல் அங்கே வேதியியல் ஆய்வகம் வந்தது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில், அதாவது மின்சாரம் பாய்ச்சி, செப்புச் சிலைகளைச் சுத்தம் செய்தார், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். நம் ஊர்க்காரர் செய்த வேலை, ஆனால் நம் கல்லூரிகளில் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தப் பக்கம் வர விரும்புகிறவர்கள் நொய்டாவிலுள்ள இந்திய பாரம்பரிய நிறுவனத்தில் பாதுகாப்பியல் முதுகலையைப் பார்க்கலாம். 1989-ல் தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து தொடங்கப்பட்ட நிறுவனம்தான் இப்போது அந்தப் பெயரில் இயங்குகிறது. லக்னோவில் 1976 முதல் இருக்கும், பண்பாட்டுப் பொருள்களுக்கான தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் பயிற்சி தருகிறது. ஆனால் நீங்கள் பிளஸ் டூவுக்குப் பிறகு வேதியியலைத் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இது உங்கள் கதவு இல்லை.

இரண்டாவது, பொருளைப் பற்றிய தகவலைக் காப்பது. பதிவேடு, அட்டவணை, படம், வந்த வழி, குறிப்பு, காட்சி, பார்வையாளர் எல்லாம் இதில் அடங்கும். உங்களுக்கு உறுத்தியது இந்த இடம்தான். பிள்ளைகளின் கேள்விக்கு அந்தக் குறிப்பில் பதில் இல்லை என்றால், எழுதத் தெரிந்த ஆள் இல்லை என்று மட்டும் பொருள் இல்லை. பல நேரங்களில் பதிவேட்டிலேயே அந்தத் தகவல் இருக்காது. ‘பெண் உருவம், உலோகம், உயரம் இவ்வளவு’ என்று ஒரு குமாஸ்தா எப்போதோ எழுதியதுதான் எல்லாமே.

தமிழ்நாட்டில் வயலை உழும்போதும் வீட்டுக்கு வானம் தோண்டும்போதும் சிலைகளும் காசுகளும் இன்றும் கிடைக்கின்றன. 1878-ல் வந்த புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், அந்தப் பத்து ரூபாய் அப்படியேதான் சட்டத்தில் இருக்கிறது. இப்படி வந்து சேரும் ஒவ்வொரு பொருளோடும் ஒரு கதை வரும்: எந்த ஊர், எந்த வயல், எத்தனை அடி ஆழம், கூட என்னென்ன கிடந்தது. அதை அன்றைக்கே எழுதாவிட்டால் பிறகு யாராலும் எழுத முடியாது. அப்புறம் அது ‘சோழர் காலம்’ என்ற ஒற்றை வரியோடு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும்.

பதிவேடு என்றால் சலிப்பான வேலை என்று நினைப்பவர்களுக்கு ஸ்ரீபுரந்தான் கதையைச் சொல்வேன். அரியலூர் மாவட்டத்துச் சின்ன ஊர் அது. அங்கே பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயிலிலிருந்து நடராசர் சிலை திருடுபோனது. 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதே சிலையை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. விற்றவர் காட்டியவை போலிக் காகிதங்கள். அது நம்முடையது என்று காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அந்தக் கோயிலுக்குப் போய் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படம். அவர்கள் 1950-களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு ஒழுங்காக அடுக்கி வைத்தவர்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் அந்த நடராசரை டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். விருத்தாசலத்திலிருந்து போன அர்த்தநாரீசுவரரும் கூடவே வந்தார். படம் எடுத்து அட்டையில் ஊர்ப் பெயரை எழுதிவைத்தவருக்கு, ஒருநாள் இதற்காக இரண்டு அரசுகள் பேசும் என்று தெரிந்திருக்காது. படம் இல்லாத சிலைகள் நிறையப் போயிருக்கின்றன. அவற்றை நம்முடையவை என்று கேட்கக்கூட நம்மிடம் ஆதாரம் கிடையாது.

இந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால் இந்தியாவிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் துறை 1952-ல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்தது. நுண்கலைப் புலத்துக்குள் இருப்பதால் ஓவியம் வரைகிறவர்களோடும் சிற்பம் செய்கிறவர்களோடும் பழகிப் படிப்பீர்கள். அந்தப் பழக்கம் கண்ணைத் தீட்டும். ஊருக்குள்ளேயே பழைய அருங்காட்சியகம் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பரோடாவைத்தான் முதலில் எழுதுவேன். கல்கத்தாப் பல்கலைக்கழகத் துறையும் பழையது, நல்லது. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பாடம் இருக்கிறது. நொய்டாவில் அருங்காட்சியகவியல் முதுகலையும் உண்டு. வேலையை விடாமல் படிக்க ஆசைப்பட்டு யாரோ ஊர் பேர் தெரியாத இடத்தில் தபால்வழிப் பட்டயம் மட்டும் சேர்ந்துவிடாதீர்கள். பொருளைக் கையால் தொடாமல் இதைப் படித்துப் பயனில்லை.

தமிழ்நாட்டை விட்டு நகர முடியாது என்றால் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருட முதுநிலைப் பட்டயப் படிப்பைப் பாருங்கள். மாத உதவித்தொகையோடு கல்வெட்டு, அகழாய்வு என்று களத்திலேயே கற்றுக்கொள்ளலாம். தமிழ் எழுத்துகளைக் காலவாரியாகப் படிக்கத் தெரிந்த அருங்காட்சியக ஆள் என்பது அபூர்வமான சேர்க்கை. லண்டன் பட்டம் தராத தகுதி அது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்த பிறகு அகழாய்வையும் காட்சியையும் சேர்த்துப் புரிந்தவர்களின் தேவை கூடியிருக்கிறது. யூஜிசி நெட் தேர்வில் ‘அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும்’ என்று தனிப் பாடமே இருக்கிறது. பட்டம் முடிக்கும்போதே அதை எழுதிவிட்டால் ஆய்வு உதவித்தொகைக்கும் ஆசிரியர் வேலைக்கும் வழி திறக்கும்.

அப்படியானால் பிரிட்டன் படிப்பே வேண்டாமா? வேண்டும், கொஞ்சம் பொறுத்து. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே நன்றாகக் கற்றுத் தருவது பார்வையாளரைப் பற்றி: யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, எந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் இங்கே அதிகம் கேட்காத கேள்விகள் இவை. காலனிக் காலத்தில் எடுத்துப் போன பொருள்களைத் திருப்பித் தருவது பற்றிய சண்டையும் அந்த வகுப்பறைகளில்தான் சூடாக நடக்கிறது. நம் தரப்பைத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது நல்லதுதான். ஆனால் கையில் இரண்டு வருட அனுபவம் இல்லாமல் போனால் அந்த விவாதமெல்லாம் புத்தகப் பேச்சாகவே முடிந்துவிடும். எடுத்துச் சொல்ல உங்களிடம் ஒரு பொருளும் இருக்காது.

அனுபவத்தோடு போனால் பணமும் கிடைக்க வாய்ப்பு உண்டு. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேரம், அதாவது ஏறத்தாழ இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பள்ளியில் நீங்கள் வேலை பார்த்த காலமும் அந்தக் கணக்கில் வரும், சான்றிதழ் வாங்கி வையுங்கள். காமன்வெல்த் உதவித்தொகை உண்டு. சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை கலை, பாரம்பரியப் பாதுகாப்பு இரண்டுக்குமே உதவுகிறது. நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தால் மாநில அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டத்தை விசாரியுங்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 2022-ல் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு தொடர்பான படிப்புகளுக்கு அந்தப் பணம் இல்லை என்று அது சொன்னது. நம் பாரம்பரியத்தைப் படிக்கத்தான் நம் பணம் கிடைக்காது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. விண்ணப்பிக்கும் வருடத்து விதிகளை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகவேண்டும்.

பிரிட்டனின் ஓராண்டு முதுகலை இங்கே செல்லுமா என்ற சந்தேகம் முன்பு இருந்தது. 2022-ல் இரண்டு நாடுகளும் செய்த ஒப்பந்தத்தில் அது தீர்ந்தது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட பணியின் விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு விஷயம். மறுபடியும் அந்தக் கல்வித் தகுதிப் பத்திக்குத்தான் வந்து நிற்போம்.

பரோடா சேர்க்கை வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் மடங்களும் பழைய நூலகங்களும் ஓலைச்சுவடி வைத்திருக்கும் குடும்பங்களும் ஏராளம். ஒரு சின்ன சேகரிப்பைத் தேர்ந்தெடுங்கள், ஐம்பது பொருள் போதும். உடையவரிடம் அனுமதி வாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், நான்கு பக்கப் படம், அளவு, எதனால் செய்தது, எங்கே சேதம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எழுதுங்கள். எண்ணைப் பொருளின் மேல் நேராக எழுதாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். அருங்காட்சியகத்தில் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லியதாக ஒரு மூலையில் தடவி, காய்ந்ததும் அதன் மேல் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுப்பார்கள். வேண்டும்போது பொருளுக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். உங்களிடம் அது இல்லாவிட்டால் காகித அட்டையில் எழுதி நூலால் கட்டினால் போதும். ஓலைச்சுவடிக்கு அதுவும் வேண்டாம், மேலே சுற்றும் துணியில் கட்டுங்கள். பழைய பதப்படுத்திய விலங்குகளோ பூச்சி மருந்து அடித்த பழம்பொருள்களோ இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் ஆர்செனிக் வரைக்கும் பூசியிருக்கிறார்கள்.

ஐம்பதாவது பொருளை எழுதும்போதும் உங்களுக்கு ஆர்வம் குறையவில்லை என்றால் இந்த வேலை உங்களுக்குத்தான். இருபதிலேயே தூக்கம் வந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பள்ளியில் பிள்ளைகளோடு இருப்பதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றுகூடத் தெரிய வரலாம். அருங்காட்சியகக் கல்வி என்று அதற்கும் தனி வேலை இருக்கிறது. மும்பை அருங்காட்சியகம் ஒரு பேருந்தையே காட்சிக்கூடமாக்கி 2015 முதல் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அந்தப் பேருந்தில் உங்களைப் போன்ற ஆசிரியர்தான் வேண்டும்.

விண்ணப்பக் கட்டுரையில் ‘சின்ன வயதிலிருந்தே வரலாறு என்றால் எனக்கு உயிர்’ என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். இந்த ஐம்பது பொருளில் ஒன்றைப் பற்றி, அதை எழுதும்போது எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பதை எழுதுங்கள். பரோடாவோ பிரிட்டனோ, படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று. பிரிட்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இந்தச் சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரு முறை ஒத்துக்கொள்ளும். முன்பணம் கட்டச் சொன்ன தேதிக்குள் அந்தக் கடிதம் போய்விட வேண்டும். கட்டிய பிறகு கேட்டால் இடம் இருக்கும், பணம் திரும்ப வருவதுதான் கஷ்டம். ஏஜென்ட் வேண்டாம், நீங்களே உங்கள் மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். அவருக்கு நீங்கள் இந்த வருடமே போனால்தான் கமிஷன்.